பன்றிக் கழிச்சல்: எந்தக் கிருமி என்று அறிவது எப்படி?

பன்றிக் குட்டிகளைச் சாகடிக்கும் நோய்களில் கழிச்சலுக்கு முக்கிய இடம் உண்டு. தாய்ப்பன்றி 114 நாள், அதாவது 3 மாதம் 3 வாரம் 3 நாள் சினையாக இருந்து, 8 முதல் 10 குட்டிகள் வரை போடுகிறது. இரண்டு மூன்று தாய்ப்பன்றிகளை மட்டும் வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு ஓர் ஈற்றுக் குட்டிகள் கழிச்சலில் போய்விட்டால், வருமானத்தில் பெரும் பகுதி போனது போலத்தான்.

கழிச்சல் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? மருந்துக் கடைக்குப் போய், சென்ற முறை வாங்கிய அதே மாத்திரையை வாங்கி வந்து கொடுக்கிறார்கள். சில சமயம் குட்டி பிழைக்கிறது. சில சமயம் பிழைப்பதில்லை. மருந்து கேட்கவில்லை என்று அடுத்த நாள் வேறொன்றை வாங்குகிறார்கள். இதில் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கழிச்சல் என்பது ஒரே நோயல்ல. பல நோய்களுக்குப் பொதுவாக உள்ள ஓர் அடையாளம் மட்டுமே. புகையானா, இலைச்சுருட்டுப் புழுவா என்று பாராமல் நெல் வயலில் கைக்குக் கிடைத்த மருந்தை அடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

எந்தக் கிருமி என்று சொல்லக்கூடிய இடம் ஆய்வுக் கூடம். ஆனால் ஆய்வுக் கூடம் சரியான பதிலைச் சொல்வது பாதிக்கு மேல் பன்றி வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது. அது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், குட்டிகளும் மிஞ்சும்.

வயதைப் பார்த்து ஊகிக்கலாம்

கழிச்சல் கண்ட பன்றியின் வயதே முதல் துப்பு. பிறந்து மூன்று நான்கு நாட்களுக்குள் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ தண்ணீர் போலக் கழிந்து, குட்டி வாடி, உடல் சில்லிட்டுச் சாகுமானால் ஈ. கோலை என்ற கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அதே வயதில் கழிச்சலில் இரத்தம் கலந்து, ஒரே நாளில் குட்டிகள் சாகுமானால் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் 'சி' வகையாக இருக்கலாம். இந்த நோயில் செத்த குட்டியை அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் கருஞ்சிவப்பாக இருக்கும்.

ஒன்று இரண்டு வார வயதில் வரும் கழிச்சல் பல சமயம் பாக்டீரியாவால் வருவதே அல்ல. காக்சிடியா என்ற ஒட்டுண்ணியோ ரோட்டா வைரஸோ காரணமாக இருக்கும். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுப்பது வீண் செலவு.

பால் மறக்கடித்த பின் முதல் இரண்டு வாரங்களில் ஈ. கோலை மீண்டும் தலைகாட்டும். சில குட்டிகள் கழியாமலே கண் இமை வீங்கித் தள்ளாடி விழுந்து சாகும். அதுவும் இதே கிருமியின் வேறொரு வகை செய்யும் வேலைதான். பால் மறந்த பின் நாலு மாத வயதுக்குள் கழிச்சலோடு காய்ச்சலும் கண்டு, காது, அடிவயிற்றுத் தோல் நீலம் பாரித்தால் சால்மொனெல்லாவை நினைக்க வேண்டும். வளரும் பன்றிகளில் மலத்தோடு சளியும் இரத்தமும் சேர்ந்து வந்தால் பிராக்கிஸ்பைரா என்ற சுருள் கிருமியால் வரும் சீதபேதியாக இருக்கலாம். தீனி தின்றும் தேறாமல், விட்டுவிட்டுக் கழிந்துகொண்டே இருக்கும் பன்றிகளில் லாசோனியா என்ற கிருமி குடலுக்குள் குடியிருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. சின்னது பெரியது என்ற பேதமின்றிக் கொட்டிலில் உள்ள பன்றிகள் கடும் காய்ச்சலோடு அடுத்தடுத்துச் செத்தால் அது குடல் கிருமியின் வேலை என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. பன்றிக் காய்ச்சலாகவோ, 2020-ல் அஸ்ஸாம் பக்கம் நுழைந்து பிறகு நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். இரண்டும் வைரஸ் நோய்கள். செத்த பன்றியை அறுக்காமல், வெளியே கொண்டு போகாமல், கால்நடை டாக்டருக்கு உடனே சொல்லி அனுப்ப வேண்டும்.

வயதை வைத்துச் செய்வது ஊகம்தான். பால் மறந்த குட்டிகளின் கழிச்சலுக்கு ஈ. கோலையும் காரணமாகலாம், சால்மொனெல்லாவும் காரணமாகலாம், ரோட்டா வைரஸும் காரணமாகலாம். சில சமயம் இரண்டு சேர்ந்தே இருக்கும். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க எவராலும் முடியாது.

கிருமி இருந்தால் மட்டும் குற்றவாளி ஆகாது

ஆய்வுக் கூடத்துக்கு மலத்தை அனுப்பினால் உள்ளே இருக்கும் கிருமியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். சிக்கலே இங்கேதான். நல்ல ஆரோக்கியமான பன்றியின் மலத்திலும் ஈ. கோலை ஏராளமாக இருக்கிறது. மனிதர் குடலிலும் இருக்கிறது. ஜெர்மன் டாக்டர் தியோடர் எஷெரிஷ் 1885-ல் அதைக் கண்டதே கைக்குழந்தைகளின் மலத்தில்தான். ஆகவே 'மலத்தில் ஈ. கோலை உள்ளது' என்ற அறிக்கையால் ஒரு பயனும் இல்லை. அது நோய் உண்டாக்கும் வகையா, சும்மா குடியிருக்கும் வகையா என்பதுதான் கேள்வி.

அகப்பட்ட கிருமியையே குற்றவாளி என்று முடிவு கட்டி நிபுணர்களே ஏமாந்ததுண்டு. 1885-ல் அமெரிக்க அரசின் கால்நடைத் துறையில் டேனியல் சால்மன் என்பவரும் அவருக்குக் கீழே பணியாற்றிய தியோபால்டு ஸ்மித்தும், பன்றிக் காய்ச்சலில் செத்த பன்றிகளிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அதுவே நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். பிறகு 1903-ல் டி ஷ்வைனிட்ஸ், டார்செட் என்ற இருவர், நோயுற்ற பன்றியின் இரத்த நீரைக் கிருமிகள் நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த வடிநீரை நல்ல பன்றிக்கு ஊசி போட்டார்கள். அப்போதும் நோய் வந்தது. காரணம் வைரஸ் என்று தெரிந்தது. சால்மன் கண்ட கிருமி, நோயில் நலிந்த பன்றியில் பின்னால் புகுந்த ஒன்று. அது தனியாகவும் நோய் உண்டாக்க வல்லது என்பது வேறு விஷயம். அவர் பெயரால்தான் அதற்குச் சால்மொனெல்லா என்று பெயர் வந்தது.

பன்றிச் சீதபேதியின் கதையும் இப்படித்தான். 1921-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இந்த நோய் விவரிக்கப்பட்டது. நோயுற்ற பன்றிகளின் பெருங்குடலில் காணப்பட்ட ஒரு வளைந்த கிருமியின் மீது வெகு காலம் பழி போடப்பட்டது. அந்தக் கிருமியை மட்டும் வளர்த்து நல்ல பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சீதபேதி ஒழுங்காக வரவில்லை. 1971-லும் 1972-லும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில்தான் அசல் காரணம் ஒரு சுருள் கிருமி என்று நிரூபணமாயிற்று. நோய் விவரிக்கப்பட்ட பின் கிருமியைப் பிடிக்க 50 வருஷம் ஆகிவிட்டது.

ஆய்வுக் கூடத்தில் நடப்பது

இதனால்தான் ஆய்வுக் கூடத்தில் படிப்படியாகப் போகிறார்கள். முதலில் மலத்தையோ குடல் உட்சுவரைச் சுரண்டி எடுத்ததையோ கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். டென்மார்க் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட சாய முறை இன்றும் வழக்கில் உள்ளது. கிளாஸ்டிரிடியம் தடித்த ஊதா நிறக் குச்சிகளாகத் தெரியும். ஈ. கோலையும் சால்மொனெல்லாவும் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். இந்த இரண்டையும் சாயத்தால் பிரிக்க முடியாது. வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வளர்ப்பதற்கு அகார் என்ற கடற்பாசிக் கூழைத் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்திருப்பார்கள். அதில் ஒரு வகை மெக்கான்கி அகார். இதில் பித்த உப்பு இருப்பதால் குடலுக்குப் பழகிய கிருமிகளே பெரும்பாலும் முளைக்கும். பால் சர்க்கரையும் நிறம் காட்டும் சாயமும் கலந்திருப்பதால், பால் சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் ஈ. கோலை இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளரும். பால் சர்க்கரையைத் தொடாத சால்மொனெல்லா நிறமில்லாமல் வளரும். 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் போதும், காலையில் தட்டைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். சால்மொனெல்லா மலத்தில் கொஞ்சமாகவே இருக்கக்கூடும். ஆகவே அதை முதலில் தனி ஊட்டக் குழம்பில் பெருக்கிவிட்டுத் தட்டுக்கு மாற்றுவார்கள். அதற்கு மேலும் ஓரிரு நாள் பிடிக்கும்.

இன்னொரு தட்டில் செம்மறி ஆட்டின் இரத்தம் கலந்திருக்கும். பன்றிகளுக்கு நோய் தரும் ஈ. கோலை வகைகளில் பல, தம்மைச் சுற்றியுள்ள இரத்தத்தைக் கரைத்துத் தெளிந்த வளையம் உண்டாக்கும். பால் மறந்த குட்டிகளின் கழிச்சலில் இந்த வளையம் நல்ல அடையாளம். ஆனால் வளையம் மட்டும் சாட்சியாகாது. நோய் தரும் ஈ. கோலைக்கு இரண்டு ஆயுதங்கள் வேண்டும். குடல் சுவரைப் பிடித்துக்கொள்ள நுண்ணிய இழைகள் வேண்டும். இவற்றில் பெயர் பெற்றது கே-88 என்பது. இப்போது எஃப்-4 என்கிறார்கள். அடுத்து, நஞ்சு வேண்டும். இழையால் பற்றிக்கொண்டு நஞ்சை விட்டதும், உடம்பிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் இறங்கிக் கழிச்சலாய்ப் போகிறது. குடல் சுவர் அழுகுவதில்லை. குட்டி நீர் வற்றியே சாகிறது. இழை உள்ளதா என்று அறிய, அதற்கென்றே தயாரித்த சீரத்தில் ஒரு துளியைக் கிருமியோடு கண்ணாடித் துண்டில் கலக்கிறார்கள். திரித்திரியாக ஒட்டிக்கொண்டால் அதே வகை. நஞ்சுக்குரிய ஜீன் உள்ளதா என்பதைப் பி.சி.ஆர். சோதனை சொல்லும். கிருமியின் மரபுப் பொருளில் ஒரு சிறு துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்க்கும் முறை இது. ஒரே நாளில் விடை கிடைக்கும்.

மற்றக் கிருமிகள் அவ்வளவு எளிதில் வளர்வதில்லை. கிளாஸ்டிரிடியத்துக்குக் காற்றே ஆகாது. காற்றை நீக்கிய ஜாடியில் வளர்க்க வேண்டும். சீதபேதிக் கிருமிக்கும் அப்படியே. அதோடு 42 டிகிரி வெப்பமும், மற்றக் கிருமிகளை அடக்கும் மருந்து கலந்த இரத்தத் தட்டும் வேண்டும். அப்போதும் கண்ணுக்குத் தெரியச் சில நாட்கள் ஆகும். லாசோனியாவோ தட்டில் வளரவே வளராது. அது குடலின் செல்லுக்குள் மட்டுமே வாழ்வது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் 1970-களில் அதைச் செல்லுக்குள் கண்டவர்கள், சோதனைச் சாலையில் வளர்த்துக் காட்ட 1993 வரை பாடுபட்டார்கள். இன்று அதற்குப் பி.சி.ஆர். சோதனைதான் கைகொடுக்கிறது. தடித்த குடலின் துண்டைச் சாயமேற்றிப் பார்த்தும் சொல்லலாம்.

கடைசிப் படிதான் விவசாயிக்கு நேரடியாகப் பயன்படுவது. பிரித்தெடுத்த கிருமியை ஒரு தட்டு முழுவதும் பரப்பி, வெவ்வேறு ஆன்டிபயாடிக் மருந்துகளில் தோய்த்த சிறு காகித வட்டங்களை அதன் மேல் வைக்கிறார்கள். மறுநாள் எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் போதிய அளவு தெளிவாக இருக்கிறதோ அந்த மருந்து கேட்கும். வட்டத்தின் ஓரம் வரை வளர்ந்திருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது என்று பொருள். இந்த ஒரு தட்டு, கடையில் மூன்று வித மருந்து வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். பி.சி.ஆர். கிருமியின் பெயரைச் சொல்லுமே ஒழிய, எந்த மருந்து கேட்கும் என்று இப்படிக் காட்டாது. அதற்கு உயிருள்ள கிருமி வேண்டும்.

பல இடங்களில் கழிச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. வேறு மருந்து கேட்காத மனிதர்களுக்குக் கடைசித் துணையாக உள்ள மருந்து அது. பழைய சரக்கு எங்காவது கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

மாதிரி எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது

ஆய்வுக் கூடத்திலிருந்து 'ஒன்றும் தெரியவில்லை' என்று பதில் வந்தால், பெரும்பாலும் தவறு மாதிரியில்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் மருந்து கொடுத்து, எல்லாம் தோற்ற பிறகு, சாகும் தறுவாயில் உள்ள குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வழக்கமாக இருக்கிறது. மருந்து நோயைக் குணப்படுத்தாவிட்டாலும், தட்டில் முளைக்க முடியாத அளவுக்குக் கிருமியை அடக்கியிருக்கும். ஆகவே மாதிரி எடுத்த பிறகுதான் முதல் வேளை மருந்து. இந்த வரிசை மாறக் கூடாது.

எந்தக் குட்டியிடம் எடுப்பது? ரொம்ப நலிந்ததிடம் அல்ல. கழிச்சல் ஆரம்பித்து ஒரு நாள் ஆகாததிடம். ஒன்றுக்கு இரண்டு மூன்று குட்டிகளிடம் எடுத்தால் நல்லது. தரையில் கிடக்கும் மலத்தை வழித்து எடுக்கக் கூடாது. அதில் தாய்ப்பன்றியின் மலமும் மண்ணும் மூத்திரமும் கலந்திருக்கும். கால்நடை டாக்டரிடம் கிடைக்கும் பஞ்சு சுற்றிய சுத்தமான குச்சியைக் குட்டியின் ஆசனவாய்க்குள் விட்டு மெல்லச் சுழற்றி எடுத்து, உடனே அதற்குரிய குழாயில் போட்டு மூட வேண்டும். குழாயில் உள்ள கூழ் கிருமி வாடாமல் காக்கும். பெரிய பன்றியானால் மலத்தையே சுத்தமான மூடி போட்ட டப்பாவில் பிடிக்கலாம். சளியும் இரத்தமும் உள்ள பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

செத்த குட்டியை நம்பியிருப்பது கடைசி வழி. உயிர் போன சில நிமிஷங்களிலேயே குடல் சிதையத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் இரவு செத்த குட்டியைக் காலையில் அறுத்தால், எந்தக் குடலிலும் சாதாரணமாக உள்ள கிளாஸ்டிரிடியம் பெருகி எல்லாவற்றையும் மூடியிருக்கும். அதைப் பார்த்து 'இதுவே காரணம்' என்று சொன்னால், சால்மன் ஏமாந்தது போல ஏமாற வேண்டியதுதான். செத்துச் சில மணி நேரத்துக்குள் கால்நடை டாக்டர் அறுத்துப் பார்க்க முடிந்தால் பயனுண்டு. அவர் குடலில் சில அங்குலத் துண்டை இரு முனையும் நூலால் கட்டி எடுத்து ஐஸில் வைப்பார். இன்னொரு சிறு துண்டை அதைப் போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சத ஃபார்மலின் திரவத்தில் போடுவார். ஐஸில் வைத்தது கிருமியை வளர்க்க; ஃபார்மலினில் போட்டது குடல் சுவரைப் பார்க்க. வளர்ப்பதற்கான துண்டைத் தவறி ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும்.

அனுப்புவதற்குத் தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் பையும் போதும். மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் சீதபேதிக் கிருமி பிழைப்பது கடினம். அன்றைக்கே போய்ச் சேர்வது உத்தமம். சனிக்கிழமை மாலையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் திங்கட்கிழமை வரை கிடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாதிரியோடு ஒரு சீட்டு போக வேண்டும். குட்டியின் வயது, எத்தனை குட்டிகளில் எத்தனைக்குக் கழிச்சல், எத்தனை செத்தன, எப்போது ஆரம்பித்தது, மலத்தின் நிறம், இரத்தம் உண்டா, ஓட்டல் கழிவு கொடுக்கிறார்களா, அதைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்களா, புதிதாகப் பன்றி வாங்கினார்களா, ஏதாவது மருந்து கொடுத்தாயிற்றா என்பவற்றை எழுத வேண்டும். மருந்து கொடுத்திருந்தால் மறைக்கக் கூடாது. இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எந்தத் தட்டில் வளர்ப்பது, காற்றில்லா ஜாடி வேண்டுமா, பி.சி.ஆர். வேண்டுமா என்று தீர்மானிக்கிறார்கள். சீட்டில்லாத மாதிரி வழக்கமான தட்டில் போடப்படும். அதில் சீதபேதிக் கிருமி முளைக்காது.

தமிழ்நாட்டில் முதலில் அணுக வேண்டியது பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்தை. அங்கிருந்து மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரியை அனுப்பலாம். சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் நுண்ணுயிரியல் துறைகள் உள்ளன. எந்தச் சோதனை எங்கே செய்யப்படுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு அனுப்புவது நல்லது.

பதில் வரும் வரை

கிருமியின் பெயர் தெரிய இரண்டு மூன்று நாளும், மருந்துத் தட்டின் முடிவுக்கு மேலும் ஒரு நாளும் ஆகும். சீதபேதிக் கிருமியானால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மாதிரி எடுத்தவுடன், வயதையும் அறிகுறியையும் வைத்துக் கால்நடை டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்குவார்; முடிவு வந்ததும் தேவையானால் மாற்றுவார். நீர் வற்றியே குட்டிகள் சாவதால், உப்பு-சர்க்கரைக் கரைசலைத் தட்டையான பாத்திரத்தில் வைத்தும், குடிக்க முடியாத குட்டிக்குச் சிறிது சிறிதாகப் புகட்டியும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி சூடு தேவை. ஈரத் தரையில் குளிரில் கிடக்கும் குட்டிக்கு எந்த மருந்தும் பாதிதான் வேலை செய்யும். வைக்கோல் பரப்பி, ஒரு பல்பைத் தொங்கவிடலாம். கழிச்சல் கண்ட கூண்டைக் கடைசியில் சுத்தம் செய்து, கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சால்மொனெல்லா வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றக்கூடியது.

சில சமயம் அறிக்கையில் 'நோய் தரும் பாக்டீரியா காணப்படவில்லை' என்று இருக்கும். மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருந்தால் இதுவும் ஒரு பதில்தான். ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, காக்சிடியாவா, வைரஸா, தீனியில் கோளாறா என்று பார்க்கச் சொல்லும் பதில் அது. கிருமி தெரிந்திருந்தால், அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த ஈற்றுக்கு முன்பே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஈனும் இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது, சினையாக இருக்கும்போதே தாய்ப்பன்றிக்குத் தடுப்பூசி போட்டுச் சீம்பால் மூலம் குட்டிகளுக்குக் காப்பு கிடைக்கச் செய்ய இயலுமா என்பதை அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.